அட்டை இல்லாத மாத்திரை

திருமுல்லைவாயில்
16.6.2024

அன்புள்ள பானுவுக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் மாமா, நிஷா மூவரும் சுகம். நாக்பூர் வெயிலில் நீயும் உன் எலிகளும் வேகாமல் இருக்கிறீர்களா?

திடீரென்று கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. மாமாவின் போன் பகலெல்லாம் ஷேர் ஆட்டோவோடு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் சுற்றுகிறது. அவர் வந்ததும் நிஷா பிடுங்கிக்கொள்கிறாள், காலேஜ் பாடமாம். அதனால் கொஞ்ச நாளைக்குக் கடிதம்தான். நீயும் எழுது.

கம்பெனியில் இப்போது வெளிநாட்டு ஆர்டர் சட்டை ஓடுகிறது. என் லைனில் நாற்பது தையல் மெஷின். சூப்பர்வைசர் என்ற பெயருக்கு எனக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், அதைத் தவிர வேறு மரியாதை இல்லை. மற்றபடி பழைய கதைதான். முந்நூறு பெண்களுக்கு வேலை செய்கிற கக்கூஸ் இரண்டு. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொன்றில் தண்ணீர் இல்லை. தரையில் எது தண்ணீர், எது மற்றது என்று தெரியாமல் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு போகிறோம். போவதற்கும் லைனுக்கு ஒரே டோக்கன். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

எரிச்சல், கடுப்பு எல்லாருக்கும் உண்டு. அதற்குக் கம்பெனியே மாத்திரை கொடுத்துவிடுகிறது, இலவசமாக. நர்ஸ் சாவித்திரி டப்பாவில் போட்டு என்னிடம் தருவாள். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒன்று நான்தான் கொடுக்கிறேன். இரண்டு வருடமாக நானும் போட்டுக்கொள்கிறேன், கடுப்பு கிட்டே வருவதில்லை. இந்த ஒரு நல்லதாவது செய்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. எலியை அறுத்த கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

உன்
அனுசுயா அக்கா


நாக்பூர்
3.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் அறையில் இருக்கும் மராட்டிப் பெண் தமிழ் எழுத்தை ஜாங்கிரி என்று சொல்லிச் சிரித்தாள். நான் சுகம். மாமாவையும் நிஷாவையும் கேட்டதாகச் சொல்.

நீ கேட்காவிட்டாலும் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், காரணம் இருக்கிறது. எங்கும் கிடைக்கிற, விலை மலிவான ஒரு ஆன்டிபயாடிக் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து வருகிறேன். அந்த வகை மருந்து எலியின் தைராய்டை வீங்க வைக்கும் என்பது பழைய செய்தி. சின்ன அளவில் நெடுநாள் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. எலியின் தைராய்டு, மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் அரை உளுந்து. போன வாரம் நான் திறந்து பார்த்த எலிகளில் அது ஊறிய உளுந்து போல, இரத்தச் சிவப்பாக இருந்தது. மருந்து அந்தச் சுரப்பியை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. மூளையோ, ஏன் வேலை நடக்கவில்லை என்று அதை மேலும் மேலும் விரட்டுகிறது. விரட்ட விரட்ட அது பெருத்துக்கொண்டே போகிறது.

இதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "இந்த எலிகளைக் கணக்கில் சேர்க்காதே, எடை போட்டதில் தவறு இருக்கும்" என்றார். எடை போட்டது நான், மூன்று முறை. அந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிதான் எங்கள் ஆய்வகத்துக்குப் புது மெஷின் வாங்கித் தந்திருக்கிறது. அதை எங்கள் வாசலில் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள், அக்கா.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் நர்ஸ் கொடுக்கும் மாத்திரையின் பெயர் என்ன? அட்டையில் இருக்கும், பார்த்து அப்படியே எழுது. நீர்க்கடுப்புக்கு மூன்று நாள், ஐந்து நாள் கொடுப்பார்கள். இரண்டு வருடம் யார் கொடுக்கச் சொன்னது?

உடனே எழுது.

உன்
பானு


திருமுல்லைவாயில்
28.7.2024

அன்புள்ள பானுவுக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் நலம். ஆடி மாதம் பிறந்ததிலிருந்து மாசிலாமணீஸ்வரர் கோயில் பக்கம் மைக் செட்டு ஓயவில்லை. நீ இருந்தால் பஞ்சு வைத்துக் காதை அடைத்திருப்பாய்.

மாத்திரைக்கு அட்டை கிடையாது. டப்பாவில் உதிரியாகத்தான் வருகிறது. வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு. சாவித்திரியைக் கேட்டேன். "டாக்டர் குடுக்க சொன்னாரு, நான் குடுக்குறேன், பேரு ஊரெல்லாம் எதுக்குக்கா" என்றாள். நீ எதையாவது நினைத்துக் கவலைப்படாதே.

எனக்குக் கவலை வேறு. யுவராணி என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, பருத்திப்பட்டிலிருந்து வருகிறாள். செவ்வாய்க்கிழமை டார்கெட் முடியவில்லை என்று ஜெகதீஷ் சார் டோக்கனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர்தான் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர். நசரத்பேட்டையில் அபார்ட்மெண்டில் இருக்கிறார், வாயைத் திறந்தால் 'மேடம்' தவிர வேறு சொல் வராது. அந்தப் பெண் இரண்டு முறை எழுந்து நின்றாள். இரண்டு முறையும் "ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்" என்றார். மூன்றாவது முறை அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் தலையைத் தூக்கவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "கட்டிங் வேஸ்ட் எடுத்துத் துடைச்சிடுங்க மேடம், பீஸ்ல பட்டுடப் போகுது" என்றார். அவள் துடைத்தாள். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் சொர்ணம் அக்கா இருக்கிறாளே, பட்டன் வைப்பவள், அவள் எழுந்து சத்தம் போட்டாள். "ஏன் சார், உங்க ஊட்டுப் பொம்பளைங்க இப்டித்தான் டோக்கன் வாங்கிகினு போறாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேச முடியவில்லை.

முதல் மாடியில் பளிங்கு போட்ட பாத்ரூம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? ஆறு அறை, கண்ணாடி, பூந்தொட்டி எல்லாம் உண்டு. சட்டை வாங்கும் பையர் கம்பெனி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து பார்வையிட வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் பூட்டிவிடுவார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அனுசுயா


நாக்பூர்
12.8.2024

அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று நீ எனக்குக் கடிதம் எழுதப் பழக்கினாய். இந்த முறை நலம் அறிய உண்மையாகவே ஆவல்.

யுவராணி கதையைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. எனக்கு அந்த மூத்திரம் அருவருப்பாக இல்லை, அந்தக் கர்ச்சீப்தான் அருவருப்பாக இருந்தது.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசுகிறாய். நேரடியாகக் கேட்கிறேன். உன் கழுத்தில் வீக்கம் இருக்கிறதா? கண்ணாடி முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணீர் குடி. விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே ஏதாவது மேலே ஏறி இறங்குகிறதா பார். உன் லைன் பெண்களையும் பார்க்கச் சொல்.

நம் வெங்கட் சித்தப்பா மகள் சீமந்தத்துப் படம் வந்தது. ஜூலை மாதப் புழுக்கத்தில் நீ கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டு நிற்கிறாய். சேலைமேல் துப்பட்டா எதற்கு அக்கா?

பதில் போடு. இல்லையென்றால் போன் வாங்க நானே பணம் அனுப்புகிறேன்.

பானு


நாக்பூர்
6.10.2024

அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மாமா போனுக்கு அடித்தால் ஒவ்வொரு தடவையும் நீ தூங்குகிறாய், குளிக்கிறாய், கோயிலுக்குப் போயிருக்கிறாய்.

நேற்று நான் விடவில்லை. மாமா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அழுதார், அக்கா. உன் கல்யாணத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும், அவர் அழுது நான் கேட்டதில்லை.

"இன்னான்னு சொல்றது பாப்பா. உங்க அக்காக்கு கொரலே பூட்ச்சி. ஏப்ரல்லேர்ந்தே கரகரன்னு கெடந்துது, இப்ப காத்துதான் வருது. கழுத்துல எலுமிச்சங்கா கணக்கா ஒன்னு கீது. ராவுல ஒருக்களிச்சாத்தான் மூச்சு உடுது. உங்கிட்ட சொன்னா படிப்ப உட்டுட்டு ஓடியாந்துருவேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா. போனு நல்லாத்தான் கீது, பீரோல வச்சி பூட்டிகினா."

கடிதம் எழுதியது இதற்காகத்தானா? மெஷின் சத்தத்தை மீறி லைன் கடைசிவரை கேட்கும் உன் குரல் நின்றுபோனது எனக்குத் தெரியக்கூடாது என்றா? நான் எலிகளின் கழுத்தை அறுத்து அளந்துகொண்டிருந்தபோது நீ உன் கழுத்தை மூடிக்கொண்டு எனக்கு ஆடி மாத மைக் செட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய்.

மருத்துவமனைக்குப் போ. அந்த மாத்திரையை நிறுத்து. நீயும் போடாதே, யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதே.

பானு


திருமுல்லைவாயில்
20.10.2024

அன்புள்ள பானுவுக்கு,

திட்டி முடித்துவிட்டாயா? சாப்பிட்டாயா?

மாமா சொன்னதெல்லாம் உண்மை. முதலில் சளி என்று நினைத்தேன், பிறகு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று. அப்புறம் அந்தக் கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தபோது பயந்துவிட்டேன். பயந்தவள் முதலில் செய்வது மறைப்பதுதான். உன் கடிதத்தில் ஊறிய உளுந்து என்று படித்ததும் அதை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கண்ணாடி பார்க்கச் சொன்னாயே, நான் ஜூலையிலேயே பார்த்துவிட்டேன்.

அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். புற்று இல்லையாம். ஆனால் வலப்பக்கம் பெரிதாக வளர்ந்து குரல் நரம்பை அழுத்துகிறது, அறுவை செய்ய வேண்டும், ஜனவரிக்கு வாருங்கள் என்றார்கள். டாக்டரம்மாவிடம் மாத்திரையைப் பற்றி எழுதிக் காட்டினேன். "இதனாலதான்னு சொல்ல முடியாது, ஆனா இத்தனை நாள் யாரும்மா உனக்குக் கொடுத்தது?" என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

மாத்திரை ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, ஸ்டேஷன் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக் தம்பியிடம் காட்டினேன். மாத்திரையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னார். இதோடு தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீ எலிக்குக் கொடுப்பதும் அதுதானா?

யுவராணிக்கும் கழுத்து லேசாகப் பருத்திருக்கிறது. செக்கிங்கில் இருக்கும் ஞானம்மாளுக்கும் இருக்கிறது. எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்தோம். அவர்கள் உள்ளங்கையில் அந்த மாத்திரையை ஒவ்வொன்றாக வைத்தது என் விரல்.

ஜெகதீஷ் சாரிடம் உன் ஆராய்ச்சியை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "எலிக்கு வந்தா உங்களுக்கு வரணும்னு இருக்கா மேடம்? நீங்க என்ன எலியா?" என்றார். சுற்றி நின்ற ஆபீஸ் பையன்களும் சிரித்தார்கள்.

டப்பாவை நர்ஸ் மேசையிலேயே வைத்துவிட்டேன். இப்போது சாவித்திரியே லைனுக்கு வந்து கொடுக்கிறாள். விழுங்காதீர்கள் என்று பெண்களுக்குச் சைகை காட்டியிருக்கிறேன்.

அனுசுயா


நாக்பூர்
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தூங்குகிறாயா, சாய்ந்து படுக்கத் தலையணை போதுமா? நிஷாவிடம் சொல்லி முதுகுக்கு இரண்டு வைத்துக்கொள்.

ஆம், அதே மருந்துதான்.

உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். எலிக்கு நடப்பது பெண்ணுக்கும் நடக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எலியின் தைராய்டு இந்த மருந்தால் மிக எளிதில் பாதிக்கப்படும், மனிதருடையது அப்படி இல்லை. நம் பக்கத்தில் பெண்களுக்குக் கழுத்து வீங்க வேறு பத்துக் காரணம் உண்டு. உன் டாக்டரம்மா சொன்னது சரி. அறிவியலில் ஒரு வாக்கியம் இருக்கிறது, 'மேலும் ஆய்வு தேவை' என்று. நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்த வாரம் அதை எழுதும்போது எச்சில் துப்ப வேண்டும்போல் இருந்தது. அது நேர்மையான வாக்கியம்தான் அக்கா. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்பவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. உங்கள் ஜெகதீஷ் சொன்னதையே என் பேராசிரியர் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

ஆனால் ஒன்றுக்கு ஆய்வு தேவையில்லை. கக்கூஸ் கட்டுவதற்குப் பதிலாக மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு எலி வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம்.

எடையை மாற்ற மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்படியானால் உன் பட்டம் தாமதமாகும்" என்றார். ஆகட்டும்.

அறுவை அன்று நான் அங்கே இருப்பேன். வராதே என்று எழுதாதே, எழுதினாலும் படிக்க மாட்டேன்.

உன்
பானு


திருமுல்லைவாயில்
15.12.2024

அன்புள்ள பானுவுக்கு,

ஆசீர்வாதம். மழையில் தெருவெல்லாம் சாக்கடை மிதக்கிறது, மற்றபடி நலம். இதை உட்கார்ந்து நிதானமாகப் படி.

வியாழக்கிழமை பையர் ஆட்கள் வந்தார்கள். முதல் நாளே முதல் மாடி பாத்ரூமைத் திறந்து, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, சோப்பு டப்பாவில் ரோஸ் நிறத் தண்ணீர் நிரப்பினார்கள். எங்கள் பாத்ரூமுக்கு முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கி 'ஸ்டோர்' என்று போர்டு மாட்டினார்கள். அன்று முழுக்க யாரும் போகக் கூடாது, முதல் மாடிக்கும் போகக் கூடாது, அழுக்காகிவிடுமாம். காலையிலேயே சாவித்திரி எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தாள்.

ஜெகதீஷ் சார் என்னை முன்வரிசையில் நிறுத்தினார். ஏன் தெரியுமா? "உங்களுக்குத்தான் தொண்டை சரியில்லையே மேடம், நீங்க பேச வேணாம், சிரிச்சா போதும். துப்பட்டா மட்டும் நல்லா இழுத்து விட்டுக்குங்க" என்றார். பேச முடியாதவள் என்றுதான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பானு, கட்டி வந்ததற்குக்கூட எனக்கு அப்படிக் கூசவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரர். இன்னொருத்தி பெங்களூர்ப் பெண், நிஷாவைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள், தமிழ் பேசினாள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் என் முன்னால் நின்று, "இங்கே உங்களுக்கு வசதியெல்லாம் எப்படி அம்மா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஜெகதீஷ் சார் சிரித்துக்கொண்டே, "மேடத்துக்குக் கொஞ்சம் சளி" என்றார்.

நான் துப்பட்டாவை எடுத்துவிட்டேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்தேன். ஏதோ சொந்தப் பெண்ணின் கையைப் பிடிப்பது போலப் பிடித்து, மெஷின்களுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் "மேடம், மேடம்" என்று ஓடி வந்தார். அட்டைப் பெட்டிகளைக் காலால் தள்ளினேன். கதவைத் திறந்தேன்.

மூன்று நாளாகத் தண்ணீர் ஊற்றவில்லை, பானு. அதை உனக்கு எழுத வேண்டாம். சுவர்வரை இருந்தது. புழு இருந்தது. அந்தப் பெண் ஒரு அடி உள்ளே வைத்தாள், அப்படியே திரும்பி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் லைன் முழுக்க எழுந்துவிட்டது. சொர்ணம் அக்காதான் பேசினாள். "பாத்துக்கம்மா நல்லா. இங்கதான் முந்நூறு பொம்பள போறோம். போவாம கீறதுக்கு இது தர்றாங்க" என்று தன் வாயிலிருந்த மாத்திரையைத் துப்பிக் கையில் காட்டினாள். விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாளாம், பாதி கரைந்திருந்தது. யுவராணி இன்னொன்றை நீட்டினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எச்சில் மாத்திரையைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த வெள்ளைக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கேட்டில் என்னைத் தடுத்து, "ரெஸ்ட் எடுங்க மேடம், நாங்க கூப்பிடுறோம்" என்றார்கள். வீட்டில் இருக்கிறேன். மாமா சமைக்கிறார், அதைச் சாப்பிடுவதுதான் இப்போது பெரிய தண்டனை.

அனுசுயா


நாக்பூர்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. தையல் காய்ந்ததா? காயத்தை நனைக்காதே. கால்சியம் மாத்திரையை மறக்காதே. அதற்கு அட்டை இருக்கிறது, நானே படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வெட்டி எடுத்த கட்டியை ஒரு பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். படியிறங்கும்போது அதைப் பார்த்தேன். ஐந்து வருடமாக இந்தச் சுரப்பியை வெட்டி, எடை போட்டு, மெழுகில் பதித்திருக்கிறேன். அன்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் எலிகள்மேலும் அன்றுதான் முதன்முதலாக இரக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை துறைக் கருத்தரங்கில் எல்லா எடைகளையும் மாற்றாமல் காட்டினேன். பேராசிரியர் வரவில்லை. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு நாள் இந்த மருந்தை யாராவது மனிதருக்குக் கொடுப்பார்களா?" என்று கேட்டாள். கொடுத்தார்கள் என்றேன்.

நீ பேசப் பழகு. டாக்டரம்மா சொன்ன மாதிரி தினம் கொஞ்சம். முதலில் மாமாவைத் திட்டு, அதுதான் உனக்கு எளிது.

உன்
பானு


திருமுல்லைவாயில்
16.3.2025

அன்புள்ள பானுவுக்கு,

ஆசீர்வாதம். குரல் பாதி வந்துவிட்டது. தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கிறது, நிஷா காதைப் பொத்திக்கொள்கிறாள். மாமாவுக்கு மட்டும் தேன் மாதிரி இருக்கிறதாம், வெட்கமில்லாத மனுஷன். இனி நீ போனிலேயே பேசலாம். ஆனால் இதை எழுதத்தான் வேண்டும், சொன்னால் சிரிப்பில் பாதி போய்விடும்.

போன வாரம் கம்பெனியிலிருந்து கார் வந்தது. பையர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதனால் அதே முதல் மாடி பாத்ரூமுக்கு ரிப்பன் கட்டி, 'மகளிர் நல வளாகம்' என்று போர்டு மாட்டி, திறப்பு விழா. நான்தான் திறக்க வேண்டுமாம். யார் பூட்டியதோ அவர்களே என்னைத் திறக்கச் சொல்கிறார்கள். மாமா, "போவாத, மூஞ்சில காறித் துப்பிட்டு வந்துருவ" என்றார். ஆனாலும் போனேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்களை அந்த நர்ஸிடம் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஜெகதீஷ் சார் எனக்குச் சால்வை போர்த்தினார். தழும்பு மறையும்படி இழுத்து விட்டார். நான் கீழே இறக்கிவிட்டேன். பையருக்குக் காட்ட ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பெண்களைத் தெய்வம் என்று பேசினார். எங்கள் குடும்பம் என்றார். சொர்ணம் அக்கா என் காதில், "இன்னும் கொஞ்ச நேரம் பேசுனா நான் இங்கியே வாந்தி எடுத்துருவேன்" என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் சாவித்திரி ஒரு தட்டில் சிவப்பு மாத்திரை வைத்துக்கொண்டு நின்றாள், ரத்தத்துக்காம். யுவராணி அவளிடம் போய், "அட்டைய காமி" என்றாள். அட்டை இல்லை. யாரும் எடுக்கவில்லை.

ரிப்பனை வெட்டினேன். கை தட்டினார்கள். ஜெகதீஷ் சார், "உள்ளே ஒரு நிமிஷம் பாத்துட்டு வெளியே வந்து சிரிங்க மேடம்" என்றார். உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன்.

உட்கார்ந்தேன், பானு. ஒன்பது வருடம் அந்தக் கம்பெனியில் இருந்திருக்கிறேன். ஒரு நாள்கூட முழுதாகப் போனதில்லை. வெளியே யார் நிற்கிறார்களோ, யார் திறந்துவிடுவார்களோ என்று பாதியில் எழுந்து ஓடித்தான் பழக்கம். அன்று அவசரமே படவில்லை. வெளியே முதலாளி நிற்கிறார், வீடியோக்காரர் நிற்கிறார். கதவைத் தட்டினார்கள். "மேடம், எல்லாரும் வெயிட் பண்றாங்க மேடம்."

உள்ளேயிருந்து என் தகரக் குரலில் சொன்னேன்: "ஒரு அஞ்சு நிமிஷம் சார்."

பெண்கள் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. கை கழுவி, முகம் கழுவி, ஈரம் காயும்வரை நின்று வெளியே வந்தேன். கேமரா முன்னால் நிற்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "யுவராணி, நீ போ" என்றேன். அவள் போனாள். அவளுக்குப் பின்னால் ஞானம்மாள், பிறகு சொர்ணம் அக்கா, பிறகு லைன் லைனாக முந்நூறு பேரும். முதலாளி வெட்டுவதற்காக வைத்திருந்த கேக்கில் ஈ மொய்த்தது. அன்று மாலைவரை ஒரு மெஷினும் ஓடவில்லை.

உன் அன்பு அக்கா
அனுசுயா